சான்று தேவை

ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு, நாற்பத்து மூன்று கட்டுரைகள்.
தலைப்பு: எங்கள் ஊர்த் தண்ணீர்.
ஸ்கேன் செய்து உள்ளே போட்டேன்.
டீ ஆறுவதற்குள்
மென்பொருள் எல்லாவற்றையும் திருத்திவிட்டது.
எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை மிச்சம்.

பிறகு கேட்டது:
எந்த வடிவில் வேண்டும்?

தலைமையாசிரியர் வயிரவன் சாருக்கு எக்செல்.
கட்டம் குறுகி
'விளக்கம் போதவில்லை' என்பது
'விளக்கம் போ' என்று நின்றது.
அதையும் தாளில் எடுத்துக்
கோப்பில் கோத்துக்கொண்டார், ஆய்வாளர் வந்தால் காட்ட.

பார்வையில்லாத ஜெரோமுக்கு ஒலி.
ஒரு பெண் குரல், மூச்சே விடாமல்,
ஒற்றுப்பிழை ஏழு என்றது,
பல்லவன் ஏழு நிமிடம் தாமதம் என்பதுபோல.
சிரித்தான்.
"இன்னொரு தடவை போடுங்க டீச்சர்."

மற்றப் பிள்ளைகளுக்கு பிடிஎஃப்.
பஸ் நிறுத்தத்து ஜெராக்ஸ் கடையில்
அது வெறும் கட்டம் கட்டமாகத் திறந்தது,
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.
ஐந்து ரூபாய் கொடுத்து அதையும் அச்செடுத்து
நோட்டில் ஒட்டி வந்திருந்தாள் ஹபீபா.

ஆகவே பெற்றோருக்கு
எல்லாவற்றையும் ஒரே ஒலியாக்கி
வாட்ஸ்அப் குழுவில் விட்டேன்.
எழுத்து தெரியாதவர்களும் கேட்கலாம் என்று
என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

செவ்வாய், இரண்டாவது பீரியட்.
வாசலில் முத்துராக்கு.
புருவத்தில் தவிடு; புதுவயலில் அது யாருக்கும் புதிதில்லை.
கையில் மில்லின் பெயர் போட்ட அரிசிப் பை.
"சான்று தேவைன்னு சொன்னாகளே டீச்சர், போன்ல."
மில் இரைச்சலில்
மகள் பெயரும் அந்த ஒரு சொல்லும்தான் காதில் விழுந்ததாம்.
சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று,
லேமினேட் போட்ட பிறப்புச் சான்று.
எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு நகல்.
அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒப்புக்கொள்கிறேன்.
"அது வேற சான்றுங்க" என்று
பவிஷாவின் கட்டுரையை எடுத்து
மூன்றாம் பத்தியை வாசித்தேன்:

*மில்லில் நெல் அவித்த தண்ணீரை ராத்திரியில் திறந்துவிடுவார்கள்.
விடிந்தால் ஊருணி புளித்த கஞ்சி போல நாறும்.
அம்மா அதே மில்லில்தான் வேலை பார்க்கிறார்.
அன்றைக்கு மட்டும் குளிக்காமல் போவார்.*

கீழே மென்பொருள்:
விவரணை நன்று. கூற்றுக்குச் சான்று தேவை.
பத்துக்கு ஆறு.

முத்துராக்கு பையை மடித்தார்.
மடித்ததை இன்னொரு முறை மடித்தார்.
"இதையும் படிச்சுச்சா, அந்தப் பொம்பளை?"

படித்தது.
பிள்ளைகளின் வரியை எடுத்துக்காட்டித் திருத்துவது
அதன் சிறப்பு என்று
வாங்கும்போதே சொன்னார்கள்.

"மில்லுக் கணக்கப்பிள்ளை மகளும்
இந்தக் கிளாஸ்தான?"

போனை எடுத்தேன்.
முப்பத்தெட்டுப் பேர் கேட்டிருந்தார்கள்.
எல்லாருக்கும் அழி என்றேன்.
'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று
அதுவே ஒரு செய்தியாகக் குழுவில் உட்கார்ந்துகொண்டது.
"என்னத்த அழிச்சீங்க மிஸ்?" என்று
உடனே ஒருவர் கேட்டார்.
வயிரவன் சார் கோப்பில் ஒரு பிரதி.
ஜெராக்ஸ் கடையில், நல்லவேளை, கட்டங்கள்.

"சனிக்கெழமைதான் சம்பளம்" என்றார் முத்துராக்கு.
கோபமில்லை. கணக்குப் போடுகிற குரல்.
"அதுவரைக்கும் யாரும் ஒண்ணும் கேக்காம இருந்தாச் சரி."
நகல்களை மேசைமேல் விட்டுவிட்டு எழுந்தார்.
"இருக்கட்டும் டீச்சர்.
பின்னால கேட்டாலும் கேப்பாக."

சாயங்காலம் மென்பொருளைத் திறந்து
ஆறை எட்டாக்கினேன்.
மாற்றத்துக்குக் காரணம் எழுதச் சொல்லி
ஒரு கட்டம் விரிந்தது.
எத்தனை வரி எழுதினாலும் கொள்ளும் போலிருந்தது.

சனிக்கிழமை வரை
அப்படியே விட்டிருக்கிறேன்.